மொக்கைச்சாமியின் வாளி

லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிற டிரைவரின் தலையில் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் விழும். அதற்குப் பிறகுதான் "வாங்க, வண்டிக்கு என்ன?" என்கிற பேச்சு. சட்டை நனைந்தால் நனையட்டும்; சட்டைப் பையில் இருக்கும் செல்போன் நனைந்தால் அது வைத்திருந்தவன் பாடு. அவனியாபுரம் பைபாஸ் ஓரத்தில் லாரி ஸ்பிரிங் பட்டறை நடத்தும் மொக்கைச்சாமி, பங்குனி பிறந்ததிலிருந்து ஆடிக்காற்று கிளம்புகிறவரை வாடிக்கைக்காரரை வரவேற்கிற விதம் இது. பழகிய டிரைவர்கள் இறங்கும்போதே துண்டை அவிழ்த்துக் குனிந்து தலையைக் காட்டிவிடுவார்கள். புதியவர்கள் சண்டைக்கு வருவார்கள். "யோவ், கிறுக்கா உனக்கு?" என்று கத்திய ஒரு நாமக்கல் டிரைவரிடம், "உனக்குப் பிடிச்சிரக் கூடாதுன்னுதான்யா ஊத்துறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது செம்பை மொண்டார்.

ஊரார் தலையெல்லாம் நனைக்கிறவர் தன் தலையில் ஒரு சொட்டு விட்டதில்லை. கேட்டால், "நான் உலைக்குள்ளயே பொறந்தவன், எனக்கெதுக்கு?" என்பார்.

செம்பை மொள்ளுகிற அந்த வாளி இரும்பு வாளி. ஒரு பக்கம் வயிறு ஒடுங்கிக் கிடக்கும். பத்து டன் பாரம் சுமக்கிற ஸ்பிரிங்கையே வளைக்கவும் நிமிர்த்தவும் தெரிந்த கைக்கு இந்த ஒடுக்கெடுக்க இரண்டு தட்டு போதும். "ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீக, வாளிக்குப் பாக்க மாட்டீகளா?" என்று எவராவது கேட்டால், "அது அப்பிடித்தான் இருக்கணும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மொக்கைச்சாமி விளக்கம் சொல்லாத ஒரே பொருள் அந்த வாளிதான். மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. கேட்காமலே கிடைக்கும்.

வயது அறுபத்திரண்டு. புருவத்தில் முடி கிடையாது. உலை பார்த்துப் பார்த்து அது முளைப்பதையே விட்டுவிட்டது. செக்கானூரணிப் பக்கமிருந்து பதினோரு வயதில் கரி உடைக்க இந்த ரோட்டுக்கு வந்தவர். இன்று அதே ரோட்டில் சொந்தப் பட்டறை, சொந்தப் பெயர்ப்பலகை. பலகையில் தன் பெயர் சிறியதாக இருக்கிறதென்று பெயிண்டரை இரண்டு முறை திருப்பி எழுத வைத்தவர். "நான் மூணாப்பு. அதுலயும் பாதி நாளு போகல. ஆனா பாலத்துக்கு அங்கிட்டு இங்கிட்டு எவன் வண்டியாச்சும் என் ஸ்பிரிங்கைப் போட்டுட்டுப் போயி ஒடிஞ்சு நின்னான்னு சொல்லச் சொல்லு பாப்போம்." இதைச் சொல்லும்போது மீசையைத் தொடமாட்டார். தொடை மேல் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார்.

பெருமைக்கு ஆதாரமும் உண்டு. ஒருமுறை ஒரு என்ஜினீயரிங் கல்லூரிக்காரர்கள் சூடு பார்க்கிற கருவியோடு வந்தார்கள். துப்பாக்கி போலிருக்கும், குறி பார்த்து அமுக்கினால் எண் தெரியும். அவர்கள் அமுக்குவதற்கு முன்னால், உலையில் கிடந்த ஸ்பிரிங் பட்டையைப் பார்த்து மொக்கைச்சாமி சொன்னார்: "எண்ணூத்தி அம்பது." கருவி எண்ணூற்று நாற்பத்திரண்டு காட்டியது. "எட்டு கொறையுது தம்பி. மிசினைக் கொண்டுபோயி ரிப்பேர் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சூடு பார்ப்பது நிறத்தை வைத்து. முதலில் நாவல்பழம், பிறகு செம்பருத்தி, பிறகு மாதுளை முத்து. மாதுளைக்கு மேல் போனால் இரும்பு கெட்டது. மாதுளையில் எடுத்து, வளைவு தட்டி, மறுபடி மாதுளையாக்கி, பழைய எண்ணெய் நிறைந்த தொட்டியில் முக்க வேண்டும். எண்ணெயில்தான் முக்க வேண்டும். தண்ணீர் ஆகவே ஆகாது. சுட்ட ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத மயிர்விரிசல் விடும். பட்டறையில் தெரியாது. லோடு ஏற்றி மலை ஏறும்போது தெரியும். உலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க்குடம் வைத்த வேலையாளை அன்றே கணக்கு முடித்து அனுப்பிய பட்டறைகள் அந்த ரோட்டோர வரிசையில் உண்டு.

இரும்புக்கு வைத்த சட்டம் மெல்ல மனிதனுக்கும் ஏறிவிட்டது. உலையில் நிற்கிறவன், உடம்பு ஆறுகிறவரை தண்ணீர் குடிக்கக் கூடாது, முகம் கழுவக் கூடாது. "சூட்டு உடம்புல தண்ணி பட்டா நரம்பு விரிசல் விட்டுரும்." இதை யார் முதலில் சொன்னார் என்று தெரியாது. உரக்கச் சொன்னவர் மொக்கைச்சாமி. வரிசையிலிருந்த ஏழு பட்டறையும் அதைக் கேட்டு நடந்தது.

பட்டறையின் உள் மூலையில், லாரியிலிருந்து கழற்றிய பழைய டிரைவர் சீட்டில் பேயாண்டி உட்கார்ந்திருப்பார். மொக்கைச்சாமியைவிட எட்டு வயது இளையவர். இருபத்திரண்டு வருடம் அவருக்குச் சம்மட்டி அடித்தவர். அடிக்க வேண்டிய இடத்தை மொக்கைச்சாமி சிறு சுத்தியலால் 'டிக்' என்று காட்டினால், அந்த இடத்திலேயே, ஒரு நூல் தப்பாமல், பேயாண்டியின் சம்மட்டி 'டமார்' என்று விழும். டிக் டமார், டிக் டமார் என்று காலையிலிருந்து கேட்டால் எதிர் டீக்கடைக்காரர் அந்தத் தாளத்துக்கே டீ ஆற்றுவாராம். இப்போது பேயாண்டியால் ஒரு டீ டம்ளரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. தரையில் நடக்கும்போதே ஓடுகிற லாரியின் மேல் நிற்கிறவர் போலக் காலை அகட்டி அகட்டி வைப்பார். பேச்சு குழைந்து வரும். கண்ணுக்கு மட்டும் பழுதில்லை. ஆகவே மொக்கைச்சாமி அவருக்கு ஒரு வேலை ஏற்படுத்தியிருக்கிறார்: உலையைப் பார்த்து நிறம் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாததா அந்த நிறம்? ஆனாலும் பேயாண்டி "மா...துளை" என்று இழுத்துச் சொல்லி முடிக்கிறவரை இடுக்கியை நீட்டமாட்டார். ஒருநாள் அவர் சொல்லத் தாமதமாகி ஒரு பட்டையே வீணாயிற்று. "அந்தப் பட்டை மட்டமான சரக்கு. போகட்டும்" என்றார் மொக்கைச்சாமி.

இரண்டு வருடத்துக்கு முன் கத்திரி வெயிலில் அது நடந்தது. தகரக் கொட்டகை, உள்ளே உலை, வெளியே நூற்றாறு டிகிரி. மதியத்துக்கு மேல் பேயாண்டியின் சம்மட்டி ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. "என்னடா, ராத்திரி பொண்டாட்டியோட சண்டையா?" என்று மொக்கைச்சாமி கேலி பண்ணினார். அடுத்த அடி உலைக்கல்லில் விழுந்தது. மூன்றாவது அடி விழவில்லை, ஆள் விழுந்தார்.

அதற்குப் பின் நடந்ததை மொக்கைச்சாமி டிரைவர்களுக்குச் சொல்லுகிற விதம் இது: "விழுந்தானா, நான் ஒரு நொடி யோசிக்கல. வாளித் தண்ணியைத் தூக்கித் தலையோட ஊத்துனேன். ஷேர் ஆட்டோவை மறிச்சேன், அள்ளிப் போட்டேன், பெரியாஸ்பத்திரி. டாக்டரே சொன்னாரு, நீங்க இல்லைன்னா ஆள் இல்லைன்னு."

இதில் ஆட்டோ நிஜம். ஆஸ்பத்திரி நிஜம். வாளி பொய்.

பக்கத்து வெல்டிங் பட்டறைக் காசிமாயன்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர். மொக்கைச்சாமி குறுக்கே விழுந்து, "ஊத்தாதடா! சூட்டோட ஊத்துனா விரிசல் விட்டுரும்!" என்று கத்தி, வாளியைக் காலால் எத்தினார். அது உருண்டு உலைக்கல்லில் மோதி ஒடுங்கியது. பேயாண்டிக்குக் கைகால் வெட்டி இழுத்தபோது, வலிப்பென்று இருவருமாகக் கையில் இரும்பைத் திணித்தார்கள். வெயிலில் கிடந்த இரும்பு, அதுவும் சுட்டது. நடுக்கத்தைப் பார்த்துக் குளிர் ஜுரமென்று சாக்கைப் போட்டுப் போர்த்தினார்கள். ஆட்டோ வருவதற்கும் போய்ச் சேருவதற்கும் முப்பத்தைந்து நிமிடம். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் ஐஸை அள்ளிக் கக்கத்திலும் கழுத்திலும் வைத்தபோதுகூட, "ஐஸையா வைக்கிறீக? ஆளைக் கொல்லப் பாக்குறீகளா?" என்று மல்லுக்கு நின்றவர் மொக்கைச்சாமி.

பேயாண்டியின் மகள் சத்யப்ரியா வேறோர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அவள் வந்து கேட்ட முதல் கேள்வி: "பெரியப்பா, எத்தனை நிமிசத்துல தண்ணி ஊத்துனீங்க?"

"உடனே ஊத்திட்டோம் ஆத்தா."

வாய் முந்திக்கொண்டது. மூளை பிறகுதான் வந்தது. அப்புறம் அந்த வார்த்தையைத் திருப்பி வாங்க இரண்டு வருடமாக இடம் கிடைக்கவில்லை.

அப்பா கண் திறக்காமல் கிடந்த ஒன்பது நாளும் சத்யப்ரியா மொக்கைச்சாமிக்கு விளக்கிக்கொண்டேயிருந்தாள். ஒருவேளை தனக்கே விளக்கிக்கொண்டாளோ என்னவோ. ஸ்கேன் உறையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். மூன்றாம் வகுப்பு பாதிக்கு மேல் போகாதவர் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டார். இன்று அவனியாபுரத்தில் நின்று போகும் ஒவ்வொரு டிரைவருக்கும் அந்தப் பாடம் இலவசம்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்க்கு ஒரு வேலி உண்டுய்யா. கண்டதும் உள்ள நுழைஞ்சிரக் கூடாதுன்னு. உடம்பு நாப்பது டிகிரியை, ஜுரக் கணக்குல நூத்தி நாலைத் தாண்டிப் போச்சுன்னா வேலி பிடிவிட்டுப்போகும். அங்கிட்டு இருக்க வேண்டியது இங்கிட்டு வந்துரும். மூளை வீங்கும். அடுத்தது குளூட்டமேட்டு. அது வெளிய விக்கிற மருந்தில்ல, மண்டைக்குள்ளயே ஊறுது. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்றது அதை வச்சுத்தான். சொல்லி முடிச்சதும் கூட்டி அள்ளிரணும். சூட்டுல அள்ள முடியல. தேங்கிப்போகுது. தேங்குனா நரம்பு ஓயாம ஓடுது, கால்சியம் கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள கொட்டுது, செல்லு வெந்து செத்துப்போகுது. ஏன்யா, ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிட்டா எஞ்சின் என்ன ஆகும்? உனக்குத் தெரியாதா?"

அவருக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். "உடம்புக்குள்ள நம்ம தொழில் பாக்குற ஒருத்தன் இருக்கான்யா. ஹீட் ஷாக் புரோட்டீனு. சூட்டுல கோணிப்போன புரதத்தைப் பிடிச்சு நிமிர்த்துறதுதான் அவன் வேலை. தினம் கொஞ்சம் கொஞ்சமா பத்து நாளு வெயில்ல பழகுனா அவனுக கூட்டம் பெருகும். எனக்கெல்லாம் உள்ள ஒரு பட்டாளமே இருக்கும்."

இதை ஒருநாள் சத்யப்ரியா முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த டிபன் வாளியை மூடிக்கொண்டே, "அப்பாவுக்கும் இருந்துச்சு பெரியப்பா. அதுக்கும் ஒரு அளவு இருக்கு. அளவைத் தாண்டுனா நிமிசக் கணக்குதான். பின்மண்டையில இருக்குற சிறுமூளைதான் முதல்ல அடி வாங்கும். நடை, பேச்சு, கையோட அளவு, அம்புட்டும் அங்கதான்" என்றாள். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "உடனே குளுர வச்சும் இம்புட்டுச் சேதம்னா, அன்னைக்கு இவரு குடிச்சுத்தான் இருக்கணும். கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கிறாரு."

பேயாண்டி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொக்கைச்சாமி எழுந்து, வேலையே இல்லாத எண்ணெய்த் தொட்டியைக் கம்பியால் கலக்கப் போய்விட்டார். பேயாண்டி சாராய வாடையே ஆகாதவர். திருவிழாவுக்குக்கூடத் தொட்டதில்லை. அது இந்த ரோட்டில் மொக்கைச்சாமியைவிட யாருக்குத் தெரியும்?

இந்தச் சித்திரையில் சத்யப்ரியா ஒரு யோசனை சொன்னாள். பட்டறை வரிசை ஆட்களையெல்லாம் ஒருநாள் கூட்டி, சூட்டில் விழுந்தால் என்ன செய்வதென்று சொல்லலாம். "நான் சொன்னா நர்ஸு புள்ள பேசுதுன்னு போயிருவாக. நீங்க சொன்னாக் கேப்பாக. அப்பாவைக் காப்பாத்துனது நீங்கதான?" மொக்கைச்சாமிக்கு மேடை என்றால் விருப்பம். ஆனாலும் இரண்டு முறை ஏதோ சாக்குச் சொல்லி நாளைத் தள்ளிப் போட்டார். மூன்றாவது முறை சாக்கு அகப்படவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். அவருடைய கொட்டகையிலேயே பதினைந்து இருபது பேர். காசிமாயனும் வந்து கடைசியில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு வருடத்தில் வாளிக் கதையை எத்தனையோ முறை பக்கத்திலிருந்து கேட்டவர். ஒருமுறைகூட இடையில் பேசியதில்லை. மூத்தவர் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற மரியாதை. மொக்கைச்சாமி வேலி, குளூட்டமேட்டு, நிமிர்த்துகிறவன் எல்லாம் சொன்னார். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. "ஆகவே ஆள் விழுந்தா முதல்ல தண்ணி. நிழலுக்குத் தூக்கு, துணியை அவுரு, தண்ணியை ஊத்து, விசிறு. அப்பறம்தான் ஆஸ்பத்திரி" என்று முடித்தார்.

கடைசிப் பட்டறை நல்லகாமன் எழுந்தார். நாற்பது வருட உலை மனிதர். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. குடிக்கிற தண்ணி சரி. விழுந்தவன் மேல ஊத்துறது எப்பிடி? சூட்டு உடம்பு விரிசல் விட்டுரும்ல? நீங்க சொல்லிக் குடுத்ததுதான. இன்னைக்கும் என் ஆளுகளுக்கு நான் அதைத்தான் சொல்றேன். பேயாண்டி தப்பிச்சது அவன் நேரம். எல்லாருக்கும் அந்த நேரம் இருக்குமா?"

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. நல்லகாமன் பட்டறையில் உலைக்கு நிற்கிறவர்கள் ஆறு பேர்.

தொடையைத் தட்டப் போன மொக்கைச்சாமியின் கை பாதியிலேயே நின்றது. மெல்லப் போய், அந்த ஒடுங்கிய வாளியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்.

"இந்த ஒடுக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேப்பீகளே. நான் எத்துனது. காசிமாயன் ஊத்த வந்தான், நான்தான் எத்துனேன். மனுசனையும் ஸ்பிரிங் பட்டைன்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு நிமிசம் அவனை வேக விட்டேன். அன்னைக்குத் தண்ணி ஊத்தியிருந்தா இன்னைக்கு அவன் சம்மட்டி அடிச்சுக்கிட்டு இருப்பான்." சத்யப்ரியாவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் காலைப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பன் குடிக்கல ஆத்தா. ஒரு சொட்டு குடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

எதிர் டீக்கடையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது.

சத்யப்ரியா பெரியப்பாவைத் திட்டவில்லை. அப்பாவிடம் போய் அந்த சீட்டுக்கு முன்னால் குந்தினாள். "ஏப்பா, உனக்குத் தெரியுமா இது? தெரிஞ்சுக்கிட்டேவா நான் உன்னைய அம்புட்டுப் பேசுறப்ப சும்மா இருந்த?"

பேயாண்டி சொல் கூட்ட நேரம் எடுத்துக்கொண்டார். கூட்டமே குனிந்து காத்திருந்தது.

"கீழ விழுந்தும்... கொஞ்ச நேரம்... காது கேட்டுச்சு." மூச்சு வாங்கினார். "அண்ணன்... என்னைக்கு... மெதுவாப் பேசியிருக்காரு?"

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. காசிமாயனுக்கு மட்டும் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. பேயாண்டி சீட்டின் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். பிடிக்கப் போன மகளின் கையை விலக்கினார். காலை அகட்டி அகட்டி, கூட்டம் வழிவிட, வாளி வரை வந்து குனிந்து செம்பை மொண்டார். செம்பு ஆடியது. நிமிர்வதற்குள் பாதி தரையில் போயிற்று. மீதியோடு மொக்கைச்சாமியின் முன்னால் வந்து நின்றார்.

மொக்கைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்தார். அந்த ஆடுகிற கைக்கு எட்டுகிற அளவு முழங்காலை மடக்கி, பழகிய டிரைவரைப் போலக் குனிந்து தலையைக் காட்டினார்.